காதுக்குச் செய்வது

தம்பி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வார்த்தை கிடையாது. சாம்பல் நிறத்தில், வலைத்துணியால் தலைப்பட்டை போட்ட ஒரு ஹெட்போன். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ். 2020 டிசம்பரில் அது வந்தபோது இந்திய விலை 59,900 ரூபாய். எங்கள் அப்பா வாங்கிய முதல் செகண்ட் ஹேண்ட் தறி அதைவிடக் குறைவு.

"இதை எதுக்குடா எனக்கு அனுப்பற?"

"சும்மாதாண்ணா. நல்லா இருக்குல்ல?"

சும்மா இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மூன்று அரியரோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "எல்லாத்தையும் க்ளியர் பண்ணி டிகிரியை முடி, நீ கேக்கற ஹெட்போன் வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது என் மனதில் இருந்த தொகை நாலாயிரம். அவன் முடித்துவிட்டான். நான்தான் தொகையைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அவன் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அந்த ஹெட்போனின் பாதி வித்தைகள் ஐபோனோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதைச் சொன்னேன். "தெரியும்ணா" என்று பதில் வந்தது. இந்தத் 'தெரியும்ணா'வில்தான் எனக்குக் கோபம் வந்தது. தெரியாமல் கேட்டால் விளக்கலாம். தெரிந்தே கேட்பவனிடம் என்ன செய்வது?

எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். சோமனூர்ப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை. நான் படிக்கும்போது நான்கு தறி, இப்போது ஆறு. பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். காடாத் துணியாக ஓட்டிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது. நான் வளர்ந்தது கூலி மாதிரியே அளந்து செலவு செய்த வீட்டில். தம்பி வளரும்போது என் சம்பளம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு காலங்களில் பிறந்தவர்கள் நாங்கள். அவனுக்கு ஷூ என்றால் பக்கவாட்டில் அந்தக் குறி இருக்க வேண்டும். டீ-ஷர்ட்டில் நெஞ்சுக்கு நேராகக் குட்டியாக ஒரு விலங்காவது நிற்க வேண்டும். தண்ணி பாட்டிலுக்குக்கூட ஒரு பேர் வேண்டும்.

"காதுல மாட்டறதுக்கு அறுவதாயிரமா? தங்கத்துலயா செஞ்சிருக்கான்?" என்றார் அம்மா. தங்கத்தில் செய்திருந்தால் அம்மாவுக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் போட்ட கடுக்கன் எத்தனை கிராம், எந்தக் கடை என்பது இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். கடை முக்கியம். கோயமுத்தூரில் அந்தக் கடையில் எடுத்தது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் எடையைக் கேட்க மாட்டார்கள். அந்தக் கடையின் சிவப்புப் பர்சுகள் பீரோவில் ஏழெட்டு இருக்கின்றன. உள்ளே இருந்த நகை பலமுறை அடகுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. பர்சு மட்டும் வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. தம்பியின் பிராண்டு மோகம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆச்சரியப்படுவோம்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். மென்பொருள்காரன் கோபத்தைக் காட்டும் விதம் அது. எடை, பேட்டரி, காது மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, என்ன கோடெக். ஏர்பாட்ஸ் மேக்ஸின் எடை 384.8 கிராம், சோனியின் எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம். தலையில் 130 கிராம் அதிகம் என்பது மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கழுத்துக்குத் தெரியும். சோனி 2015-இல் கொண்டு வந்த எல்டேக் என்ற கோடெக்கில் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், ஆண்ட்ராய்டில் அது உண்டு, ஐபோனில் இல்லை. ஆகவே உன் போனுக்கு எது பொருத்தம், நீயே சொல். இப்படி ஒரு ஷீட். கூடவே ஒரு ஆய்வுக் கட்டுரையையும் அனுப்பினேன். யெரூன் பிரேபார்ட் என்பவர் 2017-இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்துப் பார்த்தார். எந்த அலைவரிசை எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் முடிவு.

தம்பி அதற்கு ஒரு கட்டை விரலை அனுப்பினான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விட்டேனா பார் என்று மூன்று ஹெட்போன்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்று என்னுடையது, இரண்டு ஆபீஸில் இரவல். அவன் கண்ணைத் துண்டால் கட்டி, ஒவ்வொன்றாக மாட்டி ஒரே பாட்டைப் போட்டேன். எது நல்லா இருக்கு என்று அவன் சொல்ல வேண்டும். விலை குறைந்ததைத்தான் அவன் காது தேர்ந்தெடுக்கும், கட்டை அவிழ்த்ததும் திருந்திவிடுவான் என்பது என் திரைக்கதை.

முதலாவதை மாட்டியவுடன், பாட்டே ஆரம்பிக்கவில்லை, "இது உன்னுதுண்ணா" என்றான்.

"எப்படிடா?"

"ஸ்பாஞ்சு நாறுது."

இரண்டாவது தலையை இறுக்கியதால் விலை குறைந்தது என்றான். மூன்றாவதைத் தடவிப் பார்த்தே பேரைச் சொல்லிவிட்டான். கண்ணைக் கட்டினால் போதாது என்பது ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவும் எப்போதோ கண்டுகொண்ட விஷயம். தலையில் உட்காரும் கனமும் அழுத்தமுமே பேரைச் சொல்லிவிடும். அதனால் ஒரே ஹெட்போனை எல்லோருக்கும் மாட்டிவிட்டு, மற்ற ஹெட்போன்களின் ஒலித்தன்மையைக் கணினி வழியாக அதில் வரவழைத்துக் கேட்கச் சொன்னார்கள். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் துண்டை எடுத்தேன். தம்பியை ஜெயிக்க வேண்டும் என்ற அவசரம்தான், வேறென்ன.

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தோம். பண்டிகைக்காகத் தறி நின்றிருந்தது. எங்கள் ஊரில் தறி நிற்கிற ராத்திரிகளில் தூக்கம் வராது. காதுக்குள் ஏதோ காணாமல் போன மாதிரி இருக்கும். இந்த மாடியில்தான், அவன் ரெண்டாவது படிக்கும்போது, என் எம்பி3 பிளேயரின் வயரை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்போம். அவனுக்கு எப்போதும் வலது பக்கம், ஏனென்றால் இடது பக்க பட்டில் அடிக்கடி கரகரவென்று வரும். 1979-இல் வந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு ஆரஞ்சுப் பொத்தானும் உண்டு. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று சோனியின் அகியோ மொரிடாவுக்குத் தோன்றியதாம். அடுத்தடுத்த மாடல்களில் பொத்தான் போய்விட்டது. மக்களுக்கு மரியாதை தேவைப்படவில்லை.

"அண்ணா, நீ வாங்கிக் குடுத்த நெக்பேண்டு இருக்குல்ல," என்று அவனாகவே ஆரம்பித்தான்.

"அதுக்கென்ன? நல்லாத்தான இருந்துச்சு. ஆயிரத்து முந்நூறு ரூபா."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதப் போட்டிருந்தா எல்லாரும் வந்து பேசுவாங்க."

எனக்குப் புரியவில்லை. அவன் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், ரூமில் இருந்த பையன்கள் 'ஏன்டா கத்தற' என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கத்தவில்லை, பேசினான். எங்கள் வீட்டில் பேச்சு என்றால் தறிக்கு மேல் பேசுவதுதான். 'சோறு ஆச்சா' என்பதைக்கூட நாங்கள் சந்தையில் விலை கூவுகிற மாதிரிதான் கேட்போம். கொட்டகைக்குள் அதுவும் எடுபடாது, வாயசைவும் கைச்சாடையும்தான். ஹாஸ்டலில் அவனுக்கு 'ஸ்பீக்கர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, இன்றைக்கும் அவனுடைய நண்பர்கள்தான். ஆனால் அந்தப் பேருக்குப் பிறகு அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தன் குரலைக் கேட்க ஆரம்பித்திருக்கிறான். அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பேசாமல் இருந்தால் 'என்னடா ஸ்பீக்கர், ஆஃப் ஆயிடுச்சா' என்றார்கள்.

"பெரிய ஹெட்போன் போட்டிருந்தா யாரும் கேக்க மாட்டாங்கண்ணா. பாட்டுக் கேக்கறான்னு விட்ருவாங்க. ஆனா அதுவும் பாத்த உடனே தெரியற ஒண்ணா இருக்கணும். இல்லன்னா, 'இது என்னடா மாடல்'னு கேட்டுக்கிட்டு வருவானுங்க. அதுக்கு பதில் சொல்லணும்."

அவன் இருட்டில் சிரித்தான். நானும் சிரிக்க முயற்சி செய்தேன். அடுத்த மாதம் பெங்களூரில் அவனுக்கு முதல் வேலை.

என் ஷீட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

எனக்கு மட்டும் இது தெரியாத கதையா? 2008-இல் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். ரிச்சி தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு 'சோனி' ஹெட்போன் வாங்கினேன். சோனி என்ற பேரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. லேபில் ஒருவன் கவனித்துவிட்டான். ஒவ்வொரு எழுத்தாக, ராகம் போட்டுப் படித்தான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அன்று ராத்திரி காம்பஸ் முனையால் அந்த எழுத்துகளை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். மறுநாளில் இருந்து பிராண்டு பார்ப்பவர்களை எல்லாம் கிண்டல் செய்கிற ஆளாக மாறிவிட்டேன். இப்போது என் மேஜையில் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்த மாடல், வயர் வைத்தது, வெளியே போட்டுக்கொண்டு போக முடியாது. அந்தப் பேரைச் சொன்னால் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் புருவத்தை உயர்த்தும்போது எனக்குள் நடப்பது என்னவென்று நேர்மையாகப் பார்த்தால், அது தம்பியின் டீ-ஷர்ட் விலங்குதான். கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள விலங்கு.

குரல் விஷயமும் அப்படியே. என் முதல் கம்பெனியில் மேனேஜர், கான்ஃபரன்ஸ் காலில் எல்லோர் முன்னாலும், போன் இல்லாமலேயே உன் பேச்சு அமெரிக்காவுக்குக் கேட்கும் என்றார். அதற்கப்புறம் நான் பேசுகிற குரல் எனக்குச் சொந்தமில்லாத ஒன்று. ஊருக்கு வந்தால் இரண்டு நாளில் பழசு திரும்பிவிடும். திங்கட்கிழமை மறுபடி இறக்கிக்கொள்வேன். பன்னிரண்டு வருஷத்தில் தம்பியிடம் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவனுக்கு கோடெக் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் சோனியில் முடிந்தது. அறுபதாயிரம் என்னால் முடியாது என்று நேராகவே சொன்னேன். "பரவால்லண்ணா, சோனின்னா தெரியும் எல்லாருக்கும்" என்றான். ஆன்லைனில் இரண்டாயிரம் குறைவு. அவனுக்குக் கடையில் வாங்க வேண்டும். முதல் முறையாக நான் வாதம் செய்யவில்லை. காந்திபுரம் க்ராஸ்கட் ரோட்டில் இறங்கி, ஷோரூமில் பில் போட்டு, கார்டை நீட்டும்போது வயிற்றில் ஒரு பிடி பிடித்தது. அப்பாவின் கூலிக் கணக்கில் அது எத்தனை மீட்டர் துணி என்று மனது தானாகவே பெருக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் அவன் பையை மடியில் வைத்துக்கொண்டான், எழுத்து வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி. எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அம்மாவின் சிவப்புப் பர்சும் ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தறிக் கொட்டகைக்குள் ஓடினான். நாய்ஸ் கேன்சலிங் எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல இடம் உண்டா? ஒரு நிமிஷத்தில் முகம் சுருங்கி வெளியே வந்தான். "என்னண்ணா, தறி சத்தம் அப்படியே கேக்குது. ஃபேன் சத்தம்தான் போயிருக்கு."

வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த வித்தை விமானத்துக்காகப் பிறந்தது. 1978-இல் ஜூரிச்சில் இருந்து திரும்பும் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் சரியாகக் கேட்காததால், அமர் போஸ் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். வங்காளத்தில் இருந்து அமெரிக்கா போன ஒரு சுதந்திரப் போராளியின் மகன். பதினொரு வருஷம் கழித்து விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வந்தது. வெளிச்சத்தத்தை மைக் கேட்கும், அதற்கு நேர்த் தலைகீழான அலையை உள்ளே ஸ்பீக்கர் எழுப்பும், இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் இன்ஜின் போல ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் ஓடுகிற சத்தத்தில்தான் இது நன்றாகப் பலிக்கும். தறிச் சத்தம் வேறு ஜாதி. நாடா ஒரு பெட்டியில் இருந்து இன்னொரு பெட்டிக்கு அடி வாங்கிப் பாய்கிற சத்தம் அது, நிமிஷத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை, ஒவ்வொன்றும் திடீரென்று, கூர்மையாக. தலைகீழ் அலை தயாராவதற்குள் அடி விழுந்துவிடும். மோட்டார் இரைச்சலும் ஃபேனும் போய்விட, மிச்சமிருந்த டக் டக் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டிருக்கிறது.

அப்பா தார் மாற்றிவிட்டு வெளியே வந்தார். "என்ன கண்ணு அது?" என்றார், அதாவது கத்தினார். தம்பி அவருக்கும் மாட்டிவிட்டான். அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"பாட்டுப் போடட்டுங்களாப்பா?" என்று தம்பி சாடையில் கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிறகு சொன்னார். "வெளிய நின்னுருச்சு. உள்ள ஓடுது."

"என்னங்கப்பா?"

"காதுக்குள்ள. ங்ஙொய்னு. ராத்திரிக்குக் கேக்கும், தறி ஓடற சத்தம்னு இருந்தேன். தறி சத்தமில்ல போலிருக்கு."

சொல்லிவிட்டுக் கழற்றி, இரண்டு கையாலும், மெத்தையை அழுத்தாமல் தம்பியிடம் கொடுத்தார். "நல்ல சாமான்" என்றார்.

அவருக்குக் காது மந்தம் என்பது எங்களுக்குத் தெரியும். டிவியை நாற்பதில் வைப்பார். அதற்காக அவரைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறோம். அன்றைக்கு மறுபடி கொட்டகைக்குள் போய் என் போனில் இருந்த ஆப்பில் அளந்தேன். 97, 98 என்று காட்டியது. ஆப்பை முழுசாக நம்ப முடியாது என்றாலும் பக்கத்தில்தான் இருக்கும். இந்தியத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. ஆறு தறிக் கொட்டகைக்குள் அந்த விதியோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நானும்தான் வந்ததில்லை, அந்தக் கொட்டகைக்குள்ளேயே படித்து வளர்ந்தவன். இரைச்சலால் கெடும் காதில் பெரும்பாலும் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ச, ஸ போன்ற மெல்லிய உரசல்கள் மங்கும். அப்பா ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பதுதான் கேட்கவில்லை என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார். செவியுணர்வு வளைகோடுகளை வைத்து ஹெட்போன் தேர்ந்தெடுத்தவன் நான்.

காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காதுக் கருவி போடலாம் என்றார். அப்பா "பாக்கலாங்க" என்றார், எங்கள் பக்கம் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

வேலைத்தளங்களில் போடுகிற காது மூடி ஒன்று ஆர்டர் செய்தேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பேட்டரி இல்லை, மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கனமான பிளாஸ்டிக் கிண்ணமும் உள்ளே பஞ்சும்தான். 25 டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. தம்பியின் ஹெட்போனால் முடியாததை, அதன் விலையில் சிறு பங்குக்கு, தறிக்கு எதிராக இது செய்யும். அப்பா ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு, "நூல் அறுந்தா சத்தத்துலதான் தெரியும், இதப் போட்டா எப்படி ஓட்டறது" என்று காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டார். பத்து நாள் அங்கேயே தொங்கியது. நான் போனில் டெசிபல் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது சரியாகக் கேட்டதா என்றும் தெரியவில்லை.

தம்பிதான் பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின நாள், கழுத்தில் சோனியோடு போய், அந்தக் காது மூடியை ஆணியில் இருந்து எடுத்து, பட்டையில் இருந்த எழுத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினானாம். "அப்பா, இது த்ரீஎம்முங்க. அமெரிக்காக்காரன். இதுவும் கம்பெனி ஐட்டம்தாங்க." தறிக்கு மேல், அவனுடைய முழுக் குரலில்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், அப்பா அதைப் போடுகிறாரா என்று.

"ராத்திரி ஷிப்ட்டுக்குப் போட்டுக்கறாரு. யாராச்சும் வந்தா கழட்டி வெச்சுக்கறாரு."